மாதிரிப் படிவத்தில் எண் 44

1.

இந்தக் கதை எனக்கு ஒரு மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஏதோ ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பதினான்கு பேர். கையில் வைத்திருந்த நாவல், எந்தத் தேசத்திலிருந்தோ கிளம்பி இரண்டு மொழிகளைத் தாண்டித் தமிழுக்கு வந்து சேர்ந்தது, அன்றைக்கென்று பார்த்து ஆறாவது ஆளிலேயே முடிந்துபோனது. படிக்க வேறொன்றும் இல்லை. பக்கத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில், விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று மக்களுக்குக் காட்ட யாரோ நிரப்பி வைத்த மாதிரிப் படிவம் ஒன்று தெரிந்தது. அதைப் படிக்க ஆரம்பித்தேன்.

பெயர்: அ. ஆ. இ. வயது முப்பத்தொன்பது. மணமானவர். குழந்தைகள் இரண்டு. இரண்டாவது குழந்தைக்கு எதிரே ‘காலமானார்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. அந்தக் கட்டத்தையும் எப்படி நிரப்புவது என்று காட்ட வேண்டும் அல்லவா, அதற்காக.

வரிசை நகர்ந்தது. நான் நகரவில்லை. ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக அ. ஆ. இ.யின் பிள்ளையை எடுத்துக்கொண்டுவிட்டார்களே என்று அடித்துக்கொண்டது மனசு. “போறீங்களா, இல்ல இங்கேயே குடித்தனம் நடத்தப் போறீங்களா?” என்றார் பின்னால் நின்றவர்.

வீட்டுக்கு வந்து எழுதிய முதல் வாக்கியம் இது:

‘நிலம் நாற்பது விநாடி நடுங்கி ஓய்ந்ததும், அந்த நகரத்துப் பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில்—’

பறவைகள் எதற்கு? படித்த நாவல்களின் பழக்கதோஷம். அவற்றில் எது இடிந்து விழுந்தாலும் முதலில் பறவைகள்தான் கிளம்பும். அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

‘ஆறு ஊருக்குள் நுழைந்தபோது முதலில் நனைந்தது—’

வெள்ளம் வந்தால் காகிதம் எல்லாம் நனைந்துபோகும். இந்தக் கதைக்குக் காகிதம் வேண்டும். வந்த ஆற்றைத் திருப்பி அனுப்பிவிட்டு நிலநடுக்கத்தையே வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது: ‘ஸ்கேல் அக்கா பென்சிலைச் சீவினாள்.’

இது நின்றது.

2.

ஸ்கேல் அக்கா பென்சிலைச் சீவினாள். நகரக் கட்டடத் துறையின் வரைபடப் பிரிவில் பத்தொன்பது வருடமாக அவள் வேலையே அதுதான்: சீவுவது, கோடு போடுவது, மறுபடி சீவுவது. ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் ஒன்று எப்போதும் அவள் கொண்டையில் செருகியிருக்கும். புதிதாகச் சேர்ந்த யாரோ வைத்த பட்டப்பெயர் நிலைத்துவிட்டது. இப்போது சம்பளப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் கிடையாது. (நானும் வைக்கவில்லை. அவள் இதுவரை கேட்கவும் இல்லை.)

நகரத்தில் நாற்பத்து மூன்று பொதுப் பள்ளிகள். அந்த ஊரில் பள்ளிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். நிலம் நடுங்கிய நாற்பது விநாடியில் பாதிக்கு மேல் படுத்துவிட்டன. பள்ளிகளின் ஆவணங்கள் எல்லாம் துறையின் பழைய கட்டடத்தில், தரைத்தள அறை ஒன்றில் இருந்தன. இப்போது அந்த அறைக்குள் முதல் மாடி வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்தப் பள்ளி எவ்வளவு பெரிது, எத்தனை பிள்ளைகள் என்பதே யாருக்கும் தெரியாது. ஆகவே தலைமையாசிரியர்களையே எழுதித் தரச் சொல்லி நாலு பக்கத்தில் ஒரு படிவம் தயாரானது. அதில் சேதத்தைக் குறிக்க மட்டும் அறுபத்தோரு கட்டங்கள். ஒரு டிக்குக்கு ஒரு மதிப்பெண். அதிக மதிப்பெண் வாங்கும் பள்ளியை முதலில் கட்டுவார்கள். பரீட்சையில் மோசமாக எழுதியவனுக்கு முதல் பரிசு என்பது மாதிரி.

படிவம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. ‘சுவர் விரிசல் என்றால் நெடுக்காகவா குறுக்காகவா’, ‘கூரையே இல்லையென்றால் கூரைச் சேதத்தை எங்கே எழுதுவது’. பிரிவுத் தலைவர், எல்லாருக்கும் அவர் ‘சார்’, காதைத் தடவிக்கொண்டே ஸ்கேல் அக்காவின் மேசைக்கு வந்தார்.

“ஒண்ணு நிரப்பிக் குடும்மா. அதைப் பாத்து எழுதட்டும். எல்லாக் கட்டத்தையும் நிரப்பு, அப்பத்தான் சந்தேகம் வராது.”

அவள் சாதாரணப் பென்சிலால் நிரப்பினாள். பள்ளி எண்: இருக்கிற பள்ளி எதையாவது போட்டால் அந்தத் தலைமையாசிரியர் வருத்தப்படுவார். இல்லாத எண்ணாக இருக்கட்டும் என்று 44 என்று எழுதினாள். பிள்ளைகளின் எண்ணிக்கை: கொஞ்சம் யோசித்துவிட்டு, 212 என்று எழுதினாள்.

[212 என்று எழுதியபோது நானும் பெரிதாக யோசிக்கவில்லை. ஓர் எண் வேண்டியிருந்தது. அவளாவது காரணத்தோடு எழுதினாள்.]

காரணம், அது அவளுடைய வீட்டின் கதவு எண். தனியாளாக அவள் பதினோரு வருடம் குடியிருந்த வீடு. நாற்பது விநாடியில் அது தன் படிக்கட்டின் மேலேயே சாய்ந்துவிட்டது. அதன்பிறகு அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். கை 212 என்று எழுதியதும் மற்றதெல்லாம் தானாக வந்தது. சேத விவரம்: மூன்றாவது படி உடைந்துள்ளது. குழாய் ஒன்று முழுதாக மூடுவதில்லை. பின்கதவைச் சற்றுத் தூக்கித்தான் சாத்த வேண்டும். அப்புறம் அறுபத்தோரு கட்டத்திலும் டிக்.

கடைசியாகக் குறுக்கே பெரிதாக ‘மாதிரி’ என்று எழுதினாள். அங்கேதான் பிசகியது. அதை அவள் எழுதியது வெளிர்நீலப் பென்சிலால்.

வரைபடக்காரர்கள் மேசையில் வெளிர்நீலப் பென்சில் ஒன்று கட்டாயம் இருக்கும். தங்களுக்கு மட்டுமான குறிப்புகளை அதைக்கொண்டுதான் எழுதுவார்கள், நகல் எடுத்தால் அந்த நீலம் விழாது என்பதால். பத்தொன்பது வருடமாக, படத்தின் மேல் குறுக்கே எதை எழுதினாலும் அவள் கை தன்னால் அந்தப் பென்சிலுக்குத்தான் போகும். அன்றைக்கும் போனது. நாற்பத்து மூன்று நகல்கள் எடுத்தார்கள். ஒன்றிலும் ‘மாதிரி’ இல்லை.

நிரப்பிய படிவங்கள் திரும்பி வந்தபோது, யாரோ ஒரு தலைமையாசிரியர், பொறுப்பான மனிதர், தனக்கு வந்த அந்தத் தாளையும் சேர்த்துப் பின் குத்தி அனுப்பியிருந்தார். கணக்கெடுப்புப் பிரிவில் பின்னைக் கழற்றித் தனித்தனியாக அடுக்கினார்கள். நாற்பத்து நாலு படிவம். நாற்பத்து நாலு பள்ளி. யாரும் புருவத்தைக்கூடத் தூக்கவில்லை.

3.

பட்டியல் மேலே போய், கையெழுத்தாகி, முத்திரையோடு திரும்பி வந்தது. முதல் கட்டமாகக் கட்டப்போவது பன்னிரண்டு பள்ளிகள். ஸ்கேல் அக்காவின் வேலை, அந்தப் பன்னிரண்டுக்கும் இட வரைபடம் போடுவது. பட்டியலை வாங்கிப் பார்த்தாள்.

முதலிடம்: எண் 44. மதிப்பெண் 61.

பதின்மூன்றாவது இடத்தில், முதல் கட்டத்துக்கு ஒரே ஒரு வரி கீழே, எண் 17. அவள் அண்ணி தலைமையாசிரியையாக இருக்கிற பள்ளி.

அவள் நேராக சார் அறைக்குப் போனாள்.

“சார், இந்த நாப்பத்திநாலு…”

“ஆமாம்மா, பாவம். அறுபத்தொண்ணுக்கு அறுபத்தொண்ணு. ஒரு செங்கல் மிச்சமில்ல போலிருக்கு. என் மச்சான் அங்கதான் படிச்சான்.”

“எங்க சார்?”

“அதான், அங்க.”

சார் கையை நீட்டிக் காட்டிய திசையில் தண்ணீர்க் குடம் இருந்தது. அவள் பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மச்சானைப் பொய்யன் ஆக்க மனசு வரவில்லை.

பட்டியலோடு ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு சரிபார்ப்பு அறிக்கை இணைத்திருந்தது. 44க்கும் இருந்தது: ‘நேரில் கண்டேன். படிவத்தில் உள்ளபடியே உள்ளது.’ கீழே ஆய்வாளரின் கையெழுத்து. ஜீப்பிலிருந்து இறங்காமலே கட்டடங்களை ஆய்வு செய்வதில் கைதேர்ந்தவர் என்பதால் அவருக்கு ஆபீஸில் ‘பைனாகுலர்’ என்று பெயர். மாடிப்படி அருகே அவரை மடக்கினாள்.

“நாப்பத்திநாலுக்குப் போனீங்களா?”

“ஏன் கேக்குற? பாக்கவே முடியல. மூணாவது படி இல்ல. ஒரு குழாய் ஒழுகிக்கிட்டே இருக்கு.”

“அப்புறம்?”

“பின்கதவு. கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டியிருக்கு.”

சொன்னவர் அந்தக் கதவைத் தூக்குவது போலக் கையை லேசாக உயர்த்தியும் காட்டினார். எந்தப் பக்கம் தூக்க வேண்டுமோ அதே பக்கம். ஐந்து மாதமாக அந்த வீட்டைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“வரும்போது சாத்திட்டு வந்தீங்களா?” என்று கேட்டாள்.

“சாத்தாம வருவேனா?”

“ரொம்ப தேங்க்ஸ்” என்றாள். உண்மையாகவே சொன்னாள்.*

* இந்த இடம்வரை படித்த என் அக்கா கேட்டாள்: “அந்தம்மா காலையிலேருந்து ஆபீஸ்லயே நிக்கிறா, ஒரு வாய் சாப்பிட விட மாட்டியா?” சரி. ஐந்தாவது பகுதியில் சாப்பாடு.

4.

இந்தப் பகுதியை எழுதிவிட்டு எடுத்துவிட்டேன். ஆனால் எதை எடுத்தேன் என்று சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

இதில் ஸ்கேல் அக்கா, பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, இல்லாத பள்ளியைத் தேடி நடக்கிறாள். தெரு திரும்புகிறது, மறுபடி திரும்புகிறது, அவள் பத்தொன்பது வருடமாக வரைந்த எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு சந்து வருகிறது. சந்தின் முடிவில் ஒரு பள்ளி. மூன்றாவது படி உடைந்திருக்கிறது. உள்ளே இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்கிறார்கள். அவள் பின்கதவைச் சற்றுத் தூக்கி—

மூன்று பக்கம். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக அழகான மூன்று பக்கம். நான் படித்து மயங்கிய நாவல்களில் எல்லாம் இப்படித்தான் நடக்கும். நம்பினால் தெரு திறக்கும். எடுத்ததற்கு ஒரே காரணம்: அந்தப் பள்ளியில் அண்ணியின் பள்ளிப் பிள்ளைகள் ஒருத்தர்கூட உட்கார முடியாது.

5.

சாப்பாடு.

“இன்னும் கொஞ்சம் போட்டுக்க” என்றாள் அண்ணி. “பன்னெண்டு ஸ்கூலுக்குப் படம் போடணுமாமே, உடம்பு தாங்கணுமில்ல? பதிமூணுன்னா இன்னும் கஷ்டம். நல்ல வேளை, பன்னெண்டோட நிறுத்திட்டாங்க.”

அண்ணன் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்தித் தன் முகத்தை மறைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருட அனுபவம்.

“லிஸ்ட் நான் போடல, அண்ணி.”

“நான் உன்னைச் சொன்னேனா? நாத்தனார்னா இப்படித்தான் இருக்கணும்னு ஊருக்கே சொல்லிட்டிருக்கேன். சொந்தம் பந்தம் எதுவும் பாக்காம, நெஞ்சில கோடு போட்ட மாதிரி.” தட்டை நகர்த்தினாள். “முதல் இடம் எந்த ஸ்கூலுக்காம்?”

“நாப்பத்திநாலு.”

“இருபத்தாறு வருஷமா வாத்தியாரா இருக்கேன். அப்படி ஒண்ணைக் கேள்விப்பட்டதே இல்லையே. எந்தப் பக்கம்?”

ஸ்கேல் அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். நீலப் பென்சில், பின் குத்திய தாள், பைனாகுலர் சாத்திவிட்டு வந்த கதவு எல்லாம்.

“அந்தத் தாள் எனக்கும் வந்துச்சே, எண்ணை நான் பாக்கவே இல்ல” என்று அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு தாங்காமல் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். செய்தித்தாளும் சேர்ந்து குலுங்கியது. பிறகு, பேருந்து பிரேக் போட்ட மாதிரி, நின்றது.

“அப்ப, இல்லாத ஸ்கூல் எங்களைத் தள்ளிட்டு உள்ள போயிடுச்சு.”

“ஆமா.”

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே நான் சொல்ல வேண்டும். எண் 17 இப்போது நடப்பது பேருந்துப் பணிமனையில், பேருந்துகளைக் கழுவுகிற கொட்டகையில். மூன்று மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். முதல் கட்டத்தில் வந்த பள்ளிகளுக்கு, கட்டடம் முடியும்வரை, அதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டுத் தருவார்கள். வராத பள்ளி என்றால் கதவை மூடிவிட்டு, பிள்ளைகளைப் பிரித்து ஆறு பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். அதில் இரண்டு பள்ளிகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அண்ணிக்குத் தன் பிள்ளைகளைத் தெரியும். அத்தனை தூரம் போகிறவர்கள் எத்தனை பேர், ஒரு வாரத்தில் நின்றுவிடுகிறவர்கள் யார் யார் என்று பெயரோடு சொல்வாள்.

(ஆற்றைத் திருப்பி அனுப்பினேன் என்றேன். முழுதாகப் போகவில்லை போலிருக்கிறது.)

“ஆபீஸ்ல போய்ச் சொல்லு” என்றாள் அண்ணி.

“சொன்னா, அண்ணிக்காக முதல் ஸ்கூலையே அடிச்சுட்டான்னு பேசுவாங்க.”

“பேசட்டும். பேசுறவங்க ஒருநாள் வந்து, பஸ் கழுவுற தண்ணிக்கு நடுவுல பின்னக் கணக்கு நடத்திட்டுப் பேசட்டும்.”

6.

மறுநாள் காலை சொன்னாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றினார்.

“என் மச்சான் அங்க படிச்சானே.”

“வேற எங்கயாவது படிச்சிருப்பார், சார்.”

“இருக்கும். அவன் எங்கயுமே சரியாப் படிக்கல.” கொஞ்ச நேரம் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இப்ப அடிச்சா என்ன ஆகும் தெரியுமா? பன்னெண்டு பதினொண்ணு ஆகும். அவ்வளவுதான். பதிமூணாவது மேல ஏறாது. ஏத்தணும்னா மறுபடி குழு கூடணும். இந்தக் குழுவைக் கூட்டவே அஞ்சு மாசம் ஆச்சு. அதுல மூணு பேர் இன்னும் ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்ல.”

“அப்ப என்ன சார் பண்றது?”

சார் நல்ல மனிதர். கதையில் ஒரு வில்லன் வேண்டுமே என்று இரண்டு நாள் அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர் ஒரு தாளை இழுத்து, தன் கையாலேயே ஒரு சதுரம் வரைந்தார். கோணலாக இருந்தது. ஸ்கேல் அக்கா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நாப்பத்திநாலுக்கு ஸ்கூல் இருக்கு, இடம் இல்ல. பதினேழுக்கு இடம் இருக்கு, ஸ்கூல் இல்ல. நாப்பத்திநாலைக் கொண்டுபோய் பதினேழோட மனையில கட்டிடு. பதினேழு மூடியாச்சுன்னு ஒரு வரி எழுதிடலாம். உங்க அண்ணி பலகையில எண்ணை மாத்தி எழுதிக்கட்டும். யாருக்கும் நஷ்டம் இல்லையே?”

இது அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. சார் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சொல்லப்போனால் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ‘அவள் புன்னகையோடு படிகளில் இறங்கினாள்’ என்று ஒரு வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் மூன்றாவது படியில் நின்றாள். படிவத்தில் இருக்கிற எண்ணிக்கைக்குத்தான் அறைகள். அது விதி, அவளே எத்தனையோ கட்டடத்துக்கு அந்த விதிப்படி வரைந்திருக்கிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் என்றால் ஆறு அறை. ஏழாவது அறைக்கு ஒரு கோடுகூடப் போட முடியாது.

எண் 17ல் எத்தனை பேர் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியவில்லை. கேட்க வேண்டும்.

7.

“முந்நூத்தி நாப்பத்தேழு” என்றாள் அண்ணி. “வா, காட்டுறேன்.”

கழுவும் கொட்டகையில் தரை இன்னும் ஈரமாக இருந்தது. மூன்று பக்கமும் பெஞ்சுகள், நாலாவது பக்கம் பேருந்து வருகிற வழி. நடத்துநர் விசில் ஊதினால், அந்த வழியில் இருக்கிற இரண்டு வரிசையும் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஒதுங்கும். பேருந்து போனதும் அதே இடத்தில் உட்காரும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆசிரியர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியிருப்பார், மீதியைத் தொடர்வார். ஒவ்வொரு பேருந்து போன பிறகும் அண்ணி தலைகளை எண்ணுவாள். அவள் உதடு அசைவதைப் பார்த்தாலே தெரியும்.

ஸ்கேல் அக்கா மெதுவாக, எண் மாறுவதைச் சொன்னாள். சார் வரைந்த சதுரத்தைச் சொன்னாள்.

“எண் என்னவா இருந்தா என்ன? நூத்தி ஒண்ணுன்னு எழுதச் சொல்லு, எழுதுறேன்.” அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. “எவ்வளவு பெரிசு?”

“ஆறு ரூம்.”

“ஆறா?”

“இருநூத்திப் பன்னெண்டு பேருக்கு.”

ஒரு பேருந்து பின்னால் வந்து, நின்று, போனது. அவள் எண்ணி முடித்தாள். பிறகு நாத்தனாரின் கொண்டையிலிருந்து ஸ்கேலை உருவி, அவள் கையிலேயே கொடுத்தாள்.

“கோடு போடறவ நீதானே. இங்கேருந்து எண்ணிக்கிட்டே போ. இருநூத்திப் பன்னெண்டாவது பிள்ளைக்கு அப்புறம் ஒரு கோடு போடு.”

“அண்ணி…”

“சும்மா போடு. யார் யார்னு நானும் தெரிஞ்சுக்கறேன்.”

அவள் எண்ண ஆரம்பித்தாள். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள்; பிள்ளைகளும் யாரோ அதிகாரி எண்ணுகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நூற்றைம்பது வரை வந்தாள். இருநூறு வந்தது. இருநூற்றுப் பத்து, ஒரு பையன், பாதி பென்சிலை வாயில் வைத்திருந்தான். இருநூற்றுப் பதினொன்று, இருநூற்றுப் பன்னிரண்டு: அக்கா தங்கையாக இருக்க வேண்டும், ஒரே துணியில் தைத்த சட்டை. அடுத்து உட்கார்ந்திருந்தவளும் அதே துணியில். மூன்று பேர்.

கோடு இரண்டாமவளுக்கும் கடைசித் தங்கைக்கும் நடுவில் விழுந்தது.

கடைசித் தங்கை அண்ணாந்து பார்த்து, “நான் எத்தனாவது?” என்று கேட்டாள்.

ஸ்கேல் அக்கா ஸ்கேலைக் கொண்டையில் செருகிக்கொண்டாள். அன்றைக்கு மதியம் அவள் எந்தக் கோடும் போடவில்லை என்று வருகைப் பதிவேடு சொல்லாது, நான் சொல்கிறேன்.

8.

இனி என்ன செய்யலாம் என்று அவளும் நானும் உட்கார்ந்து யோசித்தோம். அவள் தன் மேசையில், நான் என் மேசையில்.

முதல் முடிவு. அவள் உண்மையை எழுதிக் கொடுக்கிறாள். எண் 44 அடிபடுகிறது. பன்னிரண்டு, பதினொன்றாகிறது. நேர்மைக்கு ஒரு கதை கிடைக்கிறது. முந்நூற்று நாற்பத்தேழு பேரும் ஆறு திசைக்குப் போகிறார்கள். [வேண்டாம்.]

இரண்டாவது முடிவு. ஆறு அறையில் எல்லாரும் நெருக்கி உட்காருகிறார்கள், அல்லது காலை பாதி, மாலை பாதி. எழுதினேன். ஆனால் 212 பேருக்கு என்று கட்டிய பள்ளியில் அதற்கு மேல் ஒரு பெயரைச் சேர்க்கப் பதிவேட்டில் வரி இருக்காது என்று ஸ்கேல் அக்கா சொல்லிவிட்டாள். துறையில் இருப்பவள், அவளுக்குத் தெரியாதா?

மூன்றாவது முடிவை சார்தான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு, அவள் மேசைப் பக்கம் விட்டுவிட்டுப் போனார்.

“நகலுக்கும் அசலுக்கும் வித்தியாசம் வந்தா, அசல்தான் செல்லும். அது பழைய விதி. நாப்பத்திநாலோட அசல் யார்கிட்ட இருக்கோ, எனக்குத் தெரியாது.”

அசல் அவள் இழுப்பறையில் இருந்தது. பென்சிலால் எழுதியது. எடுத்து மேசையில் விரித்தாள். குறுக்கே வெளிர்நீலத்தில் ‘மாதிரி’. கொஞ்சம் கீழே, அவள் வீட்டு எண். பக்கத்தில் ரப்பர்.

நீலத்தை அழிப்பது அரை நிமிட வேலை. 212ஐ அழித்து 347 என்று எழுத இன்னொரு அரை நிமிடம். அறை ஆறிலிருந்து பத்தாகும். ஆனால் பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு படத்தில் கூட, கையெழுத்தான பிறகு, ஓர் எண்ணை மாற்றியதில்லை. மாற்றச் சொன்னவர்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்திருக்கிறாள். அதனால்தான் அந்தப் பட்டப்பெயர் ஒட்டியது. கொண்டையில் இருக்கிற ஸ்கேல் ஒரு சாக்கு. இல்லாத பள்ளியில் இல்லாத பிள்ளைகளின் எண்ணிக்கையை, இருக்கிற பிள்ளைகளுக்காக மாற்றினால், அதற்குப் பெயர் என்ன? பொய் என்றால், முதலில் எழுதியதற்குப் பெயர் என்ன? இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை: அழித்துவிட்டால், கதவு எண் 212 இந்த உலகத்தில் எழுதப்பட்டிருக்கிற கடைசி இடமும் போய்விடும்.

ரப்பரை எடுத்தாள். வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

என்னை ஏன் பார்க்கிறாய் என்று கேட்கவா முடியும்? அவளுக்குத் தெரிந்துவிட்டது. 212 என்று அவள் எழுதியதாக இரண்டாவது பகுதியில் எழுதியது நான்தான். நானே அங்கே திரும்பிப் போய் 347 என்று மாற்றிவிட்டால் அவள் கையில் கறை படாது. கழுவும் கொட்டகையில் கோடு எந்த அக்கா தங்கைக்கு நடுவிலும் விழாது. கடைசிப் பிள்ளைக்கு அப்புறம், வெறும் ஈரத்தரையில் விழும். நான் திரும்பிப் போனேன். பேனாவையும் வைத்தேன். ஆனால் நீங்கள் ஏற்கெனவே அந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டீர்கள். படித்துவிட்டீர்கள். நீங்கள் படித்ததை உங்களுக்குத் தெரியாமல் நான் மாற்றினால், அது முத்திரை விழுந்த பட்டியலைத் திருத்துகிற வேலை. எனக்கும் அவளுடைய வியாதிதான்.

எங்கள் தொழிலில் விதி கொஞ்சம் வேறு. கதைக்கு, எழுதினவன் மேசையில் இருப்பது செல்லாது. படிக்கிறவர் கையில் இருப்பதுதான் அசல். என்னிடம் இருப்பது நகல்.

இரண்டாவது பகுதியில், ‘பிள்ளைகளின் எண்ணிக்கை’ என்று தொடங்குகிற வரி. எண்ணை ஒரு தடவைதான் அவள் எழுதியிருக்கிறாள், ஒரே அடியாக அடிக்கலாம். நீலப் பென்சில் மட்டும் வேண்டாம், நகலில் விழாது. அடிக்க மனமில்லை என்றால் அடிக்க வேண்டாம். கொட்டகையைக் காலி செய்யப் பதின்மூன்று வாரம் இருக்கிறது, அவளும் நானும் உங்களைக் குறை சொல்ல மாட்டோம். ஒருவேளை அவளுடைய வீட்டு எண்ணையும் காப்பாற்றி, அறைகளையும் பத்தாக்குகிற ஒரு வழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓரத்தில் இடம் இருக்கிறது, எழுதுங்கள்.

இப்போது பணிமனையில் விசில் சத்தம் கேட்கிறது. இரண்டு வரிசை பெஞ்சைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்கிறது. பேருந்து போனதும் அண்ணி எண்ணத் தொடங்குவாள். கடைசித் தங்கை இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்டது ஸ்கேல் அக்காவை. ஸ்கேல் அக்கா என்னைப் பார்த்தாள். நான் உங்களை…